பழைய வீட்டுக் கணினிக்குக் குறைந்த செலவில் கம்பைலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை விற்பனையான எட்டு பிட் வீட்டுக் கணினிகளில் இன்றும் நிரல் எழுத விரும்புவோருக்காக இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கம்பைலருக்கு (நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளுக்கு) கொடுக்கும் தொகையோடு, அது கேட்கும் கூடுதல் நினைவகம், வட்டு இயக்கி, ரன்டைம் உரிமம் (உருவான நிரலைப் பிறருக்குக் கொடுப்பதற்கான அனுமதி), கையேடு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான செலவு தெரியும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கை வைத்தே சொல்லப்படுகின்றன.

கணினியிலேயே பேசிக் நிரல்மொழி இருக்கும்போது தனியாகக் கம்பைலர் எதற்கு?

அக்காலக் கணினிகளின் ரோமில் (அழியாத நிலை நினைவகத்தில்) இருந்த பேசிக், பெரும்பாலும் வரிவரியாகப் படித்து அப்போதே இயக்கும் இன்டர்பிரட்டர் வகையைச் சேர்ந்தது. ஒரு வரி ஆயிரம் முறை இயங்கினால், அந்த வரியின் பொருளை அது ஆயிரம் முறையும் புதிதாகப் பிரித்தறிகிறது. கமடோர் 64இன் பேசிக்கை எடுத்துக்கொண்டால், முழு எண் மாறி என்று நாம் அறிவித்ததைக்கூடக் கணக்கிடும்போது தசம எண்ணாக மாற்றியே கணக்கிடுகிறது. ஆகவே முழு எண் மாறிகளைப் பயன்படுத்துவதால் வேகம் கூடுவதில்லை. இந்த வேலையையெல்லாம் கம்பைலர் முன்கூட்டியே ஒரே முறை செய்து முடித்துவிடுகிறது.

ஆனால் உங்கள் நிரல் பெரும்பாலான நேரம் விசைப்பலகைக்காகவோ வட்டுக்காகவோ காத்திருப்பதாக இருந்தால் கம்பைலரால் பெரிய பயன் இராது. அதுபோலவே, மெதுவாக இருப்பது ஒரு சிறு பகுதி மட்டும் என்றால், அந்தப் பகுதியை மட்டும் செயலியின் கட்டளைகளையே எழுதும் அசெம்பிளி மொழியில் எழுதிக்கொள்ளலாம். 1981இல் வெளிவந்த பிபிசி மைக்ரோவின் பேசிக்கிற்குள்ளேயே அசெம்பிளி மொழியை மாற்றித் தரும் அசெம்பிளர் இருந்தது. அந்தக் கணினியை வைத்திருப்பவர் வேறு எதற்கும் பணம் செலவிடுவதற்கு முன் அதைப் பழகிப் பார்ப்பதே முறை.

தேடத் தொடங்கும் முன் என்னென்ன விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் செயலி. இன்டெல் 8080க்காக எழுதப்பட்ட நிரல் சைலாக் இசட்80இல் ஓடும். ஆனால் இசட்80இன் கூடுதல் கட்டளைகளைப் பயன்படுத்தும் நிரல் 8080இல் ஓடாது. 6502, 6809 ஆகியவை முற்றிலும் வேறு குடும்பங்கள். அடுத்தது நினைவகம்: கணினியின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பக் கூடாது. கமடோர் 64இல் 64 கிலோபைட் இருந்தாலும் அதை இயக்கியவுடன் பேசிக்கிற்குக் கிடைப்பது 38,911 பைட்டுகளே. கம்பைலர், எடிட்டர் (நிரலைத் தட்டச்சு செய்யும் மென்பொருள்), மூலநிரல் (நாம் எழுதிய வடிவம்), உருவாகும் நிரல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்க வேண்டுமா, அல்லது அவற்றை வட்டில் வைத்து மாற்றி மாற்றி ஏற்ற முடியுமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, சேமிப்புச் சாதனம். கேசட் மட்டும் உள்ள கணினியில் பல கட்டங்களாக ஓடும் கம்பைலரைப் பயன்படுத்துவது ஏறக்குறைய இயலாத காரியம்.

அந்தக் காலத்தில் கம்பைலர்கள் ஏன் அவ்வளவு விலையாக இருந்தன?

கம்பைலர் என்பது பெரிய கணினிகளில், நிறுவனங்களுக்காக எழுதப்பட்டு, நிறுவனங்களுக்கே விற்கப்பட்டு வந்த பொருள். வீட்டுக் கணினி வந்த பின்னும் விற்பவர்கள் அந்த வாடிக்கையாளரையே மனத்தில் வைத்து விலை குறித்தார்கள். 1979இல் ஆப்பிள் 2க்கு வந்த, பாஸ்கல் மொழிக்கான ஆப்பிள் பாஸ்கல், அதற்குத் தேவையான லாங்குவேஜ் கார்டு என்ற நினைவக விரிவு அட்டையுடன் சேர்த்து 495 டாலர். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் கென்னத் போல்ஸ் தலைமையில் உருவான யுசிஎஸ்டி பாஸ்கல் அமைப்பை அடிப்படையாகக் கொண்டது அது. உண்மையில் மிகச் சிறந்த அமைப்பு. ஆனால் மாதச் சம்பளத்தில் கணினி வாங்கிய ஒருவர் எளிதாகக் கொடுக்கக்கூடிய தொகை அன்று.

இதற்கு எதிரான மரபும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1976இல் டாம் பிட்மன் தமது டைனி பேசிக்கை 5 டாலருக்கு விற்றார். அதே ஆண்டு தொடங்கிய டாக்டர் டாப்ஸ் ஜர்னல் என்ற இதழ் மூலநிரல்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டது. 1978 செப்டம்பர் முதல் நவம்பர் வரை பைட் இதழ் ஒரு சிறிய பாஸ்கல் கம்பைலரைத் தொடராகவே வெளியிட்டது. தட்டச்சு செய்யப் பொறுமை இருந்தவருக்குக் கம்பைலரின் விலை இதழின் விலைதான்.

விற்பனைச் சந்தையைப் புரட்டிப் போட்டது, 1983 நவம்பரில் போர்லண்ட் நிறுவனம் 49.95 டாலருக்கு வெளியிட்ட டர்போ பாஸ்கல். அதற்கு முன்பே ஜேஆர்டி பாஸ்கல் 29.95 டாலருக்கு விற்கப்பட்டது என்பதால், குறைந்த விலை மட்டுமே டர்போ பாஸ்கலின் வெற்றிக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆன்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் எழுதிய அந்தக் கம்பைலர், எடிட்டரையும் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, இடைநிலைக் கோப்புகள் எதுவும் எழுதாமல் ஒரே ஓட்டத்தில் இயந்திர மொழியை உருவாக்கியது. பிழை வந்தால் அந்த இடத்திலேயே எடிட்டரின் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தியது. நெகிழ்வட்டு இயக்கி ஒன்றே ஒன்று வைத்திருந்தவருக்கு அந்த வேகம் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை, அந்த வன்பொருளில் பல கட்டக் கம்பைலர் ஒன்றை ஓட்டிப் பார்த்தவர்கள் உடனே உணர்வார்கள்.

என்னிடம் இருப்பது சிபி/எம் ஓடும் கணினி. என்ன கிடைக்கும்?

நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்திற்காக எழுதப்பட்ட நிரல், வட்டின் வடிவமைப்பு வேறுபாட்டைச் சமாளித்துவிட்டால், ஆஸ்பார்ன், கேப்ரோ, ஆம்ஸ்ட்ராட், கமடோர் 128 எனப் பலவற்றிலும் ஓடும். எம்எஸ்எக்ஸ் கணினிகளின் எம்எஸ்எக்ஸ்-டாஸிலும் பெரும்பாலான சிபி/எம் நிரல்கள் ஓடுகின்றன. இயங்குதளத்தோடு ஓர் அசெம்பிளரும் சேர்ந்தே வந்தது. உங்கள் கணினியோடு வந்த வட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். ஆஸ்பார்ன் 1 வாங்கியவருக்கு எம்பேசிக், சிபேசிக் இரண்டும் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தன. இவற்றில் சிபேசிக், மூலநிரலை இடைநிலைக் குறியீடாக மாற்றி ஓட்டும் வகையைச் சேர்ந்தது.

சி மொழி வேண்டுமென்றால் மூன்று தெரிவுகளைச் சொல்வேன். முதலாவது, லியோர் ஸோல்மன் 1979இல் வெளியிட்ட பிடிஎஸ் சி. 2002இல் அவரே அதைப் பொதுச் சொத்தாக அறிவித்துவிட்டார். மூலநிரலை நினைவகத்திலேயே வைத்து வேலை செய்வதால் மெதுவான வட்டிலும் சுறுசுறுப்பாக ஓடும், 8080 போதும், ஆனால் தசம எண்களுக்கு மொழியிலேயே இடமில்லை, ஏற்கெனவே எழுதி வைத்த நூலகச் செயற்கூறுகளைத்தான் நாட வேண்டும். இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் ஹை-டெக் நிறுவனம் எழுதிய ஹை-டெக் சி. அதன் சிபி/எம் பதிப்பை எவரும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ள அந்த நிறுவனமே அனுமதி அளித்தது. மொழியின் வசதிகள் ஏறக்குறைய எல்லாம் இதில் உண்டு, தசம எண்கள் உட்பட. பல கட்டங்களாக ஓடுவதால் வட்டில் நிறைய இடம் வேண்டும், இசட்80 கட்டாயம் வேண்டும். வட்டு இயக்கிக்குப் பதிலாக நினைவக அட்டை பொருத்தியவர்களுக்கு இது மிகப் பொருத்தமானது.

மூன்றாவது ஸ்மால்-சி. ரான் கெய்ன் இதை 1980 மே மாத டாக்டர் டாப்ஸ் ஜர்னலில் மூலநிரலோடு வெளியிட்டார். எழுத்து, முழு எண், ஒற்றைப் பரிமாண அணி, நினைவக முகவரியைக் குறிக்கும் சுட்டி ஆகியவை மட்டுமே உண்டு. இதில் பெரிய நிரல்களை எழுதுவது சிரமம். ஆனால் கம்பைலர் எப்படி வேலை செய்கிறது என்று கற்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. தன்னைத்தானே மொழிபெயர்த்துக்கொள்ளக்கூடிய கம்பைலரின் முழு மூலநிரலையும் ஒரு வாரத்தில் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

பாஸ்கல் விரும்புவோருக்கு டர்போ பாஸ்கலின் சிபி/எம் பதிப்பு. இதற்கும் இசட்80 வேண்டும். தொடங்கும்போது பிழைச் செய்திகளை ஏற்றவா என்று கேட்கும். நினைவகம் இறுக்கமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அப்போது பிழையின் எண் மட்டும் தெரியும். உருவாகும் ஒவ்வொரு நிரலோடும் அதன் ரன்டைம் நூலகம் (ஓடும்போது தேவைப்படும் துணைநிரல்கள்) முழுவதும் சேர்ந்துவிடுவதால், ஒரே ஒரு வரி எழுதும் நிரலும் பல கிலோபைட் அளவாகும்.

ஸ்பெக்ட்ரம் போன்ற, கேசட் மட்டும் உள்ள கணினிக்கு?

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்கு ஹைசாஃப்ட் பாஸ்கல் அக்காலத்தில் நற்பெயர் பெற்றிருந்தது. கம்பைலரும் எடிட்டரும் நினைவகத்திலேயே தங்கிவிடுவதால், ஒருமுறை கேசட்டிலிருந்து ஏற்றிவிட்டால் போதும். அதே நிறுவனத்தின் சி கம்பைலரும் இருந்தது. இரண்டுக்கும் 48 கிலோபைட் பதிப்பு தேவை. 16 கிலோபைட் மட்டும் உள்ள கணினியில் இவற்றை முயல வேண்டாம். நினைவகத்தைக் கம்பைலரே கணிசமாக எடுத்துக்கொள்வதால் பெரிய நிரல்களுக்கு இந்த வழி ஒத்துவராது; அதற்குக் கீழே சொல்லப்படும் கிராஸ் கம்பைலரே ஏற்றது.

6502 கணினிகளில் சி மொழி மெதுவாக ஓடுவதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. 6502இல் எட்டு பிட் அகலமுள்ள மூன்று ரெஜிஸ்டர்களே (செயலிக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்கள்) நம் பயன்பாட்டிற்கு உள்ளன. தற்காலிக மதிப்புகளை அடுக்கி வைக்கும் வன்பொருள் ஸ்டேக் 256 பைட்டுகளோடு முடிந்துவிடுகிறது. சி மொழியோ, செயற்கூறுகளின் உள்மாறிகளைத் தாராளமான ஸ்டேக்கில் வைத்துக்கொள்ளலாம் என்ற எதிர்பார்ப்போடு வடிவமைக்கப்பட்டது. எனவே கம்பைலர் மென்பொருளிலேயே ஒரு ஸ்டேக்கை உருவாக்கிப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. உள்மாறிகளை நிலையான முகவரியில் வைக்குமாறு கம்பைலருக்குச் சொல்லிவிட்டு, முடிந்த இடமெல்லாம் குறியில்லாத எட்டு பிட் மாறிகளைப் பயன்படுத்தினால் வேகம் கண்கூடாகக் கூடும்.

இந்தச் செயலியின் இயல்பை அறிந்து வடிவமைக்கப்பட்ட மொழி என்றால், அட்டாரியின் எட்டு பிட் கணினிகளுக்காக கிளின்டன் பார்க்கர் எழுதி 1983இல் வெளிவந்த ஆக்‌ஷன். உள்மாறிகளை அது நிலையான முகவரிகளில் வைக்கிறது. அதற்கு ஈடாக, ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைப்பதை அனுமதிப்பதில்லை. கணினியில் செருகும் கார்ட்ரிட்ஜாக வந்ததால் வட்டு இல்லாமலே உடனே தொடங்கிவிடும். அக்காலத்தில் 99 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. 2015இல் அதன் மூலநிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அட்டாரி வைத்திருப்பவர் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நான் ஏற்கெனவே எழுதிய பேசிக் நிரலை அப்படியே வேகப்படுத்த முடியுமா?

முடியும். கமடோர் 64க்கு பெட்ஸ்பீட், பிளிட்ஸ் ஆகியவையும், ஆப்பிள் 2க்கு மைக்ரோசாஃப்ட்டின் டாஸ்க் கம்பைலரும், ஸ்பெக்ட்ரமுக்கு பிளாஸ்ட் போன்றவையும் வந்தன. சில நேரடியாக இயந்திர மொழியை உருவாக்கும். சில இடைநிலைக் குறியீட்டை உருவாக்கும். முதல் வகையில் நிரல் வேகமாக ஓடும், ஆனால் மூலநிரலைவிடப் பெரிதாகிவிடலாம். இரண்டாம் வகையில் வேகம் குறைவு, இடம் மிச்சம். தசம எண்களை ஏற்காத, முழு எண் மட்டுமே அறிந்த கம்பைலர்களும் உண்டு என்பதால் வாங்கும் முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தசமக் கணக்கீடே உங்கள் நிரலின் பெரும்பகுதி என்றால், கம்பைலர் எதுவானாலும் ரோமில் உள்ள அதே கணித நிரல்களைத்தான் பெரும்பாலும் அழைக்கப்போகிறது. எனவே பெரிய வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அட்டாரி எக்ஸ்எல், எக்ஸ்இ கணினிகளுக்கு ஃபிராங்க் ஆஸ்ட்ரோவ்ஸ்கி எழுதிய டர்போ-பேசிக் எக்ஸ்எல் 1985இல் ஒரு ஜெர்மன் இதழில் வெளிவந்தது. இன்டர்பிரட்டரே பழையதைவிட மிக வேகமானது. அதற்கென்று கம்பைலரும் இருக்கிறது.

ஃபோர்த் மொழியையும் பார்க்கலாமா?

நினைவகம் மிகக் குறைவாக இருந்தால் அதையே முதலில் பார்க்க வேண்டும். ஃபோர்த் ஆர்வலர் குழு 8080, 6502, 6800 உள்ளிட்ட பல செயலிகளுக்கான ஃபிக்-ஃபோர்த் மூலநிரல்களைப் பொதுச் சொத்தாக வெளியிட்டது. எடிட்டர், கம்பைலர் எல்லாம் சேர்ந்தும் சில கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். 1982இல் வந்த ஜூபிட்டர் ஏஸ் கணினி பேசிக்கிற்குப் பதிலாக ஃபோர்த்தையே ரோமில் வைத்திருந்தது. மொழியின் எழுத்துமுறை புதியவர்களுக்குக் கடினமாகத் தோன்றும்; பழகச் சில வாரங்கள் ஒதுக்க வேண்டும்.

கிராஸ் கம்பைலர் என்பது என்ன? அதற்கு எவ்வளவு செலவாகும்?

இன்றைய கணினியில் மூலநிரலை எழுதி, அங்கேயே கம்பைல் செய்து, பழைய கணினியில் ஓடும் இயந்திர மொழிக் கோப்பை மட்டும் பெறுவதே இந்த முறை. செலவு ஏதுமில்லை. 6502 குடும்பத்திற்கு சிசி65, இசட்80க்கு இசட்88டிகே, எஸ்டிசிசி, 6809க்கு சிஎம்ஓசி ஆகியவை இலவசமாகவும் மூலநிரலோடும் கிடைக்கின்றன. சி மொழி வேண்டாம் என்போருக்கு ஸ்பெக்ட்ரமுக்கான போரியல் பேசிக், அட்டாரிக்கான மேட் பாஸ்கல் போன்றவை உள்ளன. இசட்88டிகே, மேலே சொன்ன ஸ்மால்-சியின் வழிவந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. சிசி65இல் தசம எண் வசதி இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பழைய கணினியில் எழுதாமல் அதற்காக எழுதுவது முறையா என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது. வீட்டுக் கணினிக்கான முதல் மென்பொருள்களிலேயே பல, பெரிய கணினிகளில் எழுதப்பட்டவை. ஆல்டேர் கணினியின் பேசிக்கே பிடிபி-10 என்ற பெரிய கணினியில், 8080 செயலியைப் போலவே நடிக்கும் எமுலேட்டரை வைத்து உருவாக்கப்பட்டதுதான். ஆனாலும் பழைய கணினியின் முன் அமர்ந்து அதன் எல்லைக்குள்ளேயே சிந்திப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், அந்த அனுபவத்தைக் கிராஸ் கம்பைலர் தராது; அதற்கு மேலே சொன்ன பழைய கம்பைலர்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

உருவான கோப்பைப் பழைய கணினிக்கு எப்படிக் கொண்டுபோவது?

முதலில் எமுலேட்டரில் சோதியுங்கள்; கமடோருக்கு வைஸ், ஸ்பெக்ட்ரமுக்கு ஃப்யூஸ், எம்எஸ்எக்ஸுக்கு ஓப்பன்எம்எஸ்எக்ஸ் ஆகியவை இலவசம். பிறகு, கேசட் கணினி என்றால் கோப்பை ஒலிக்கோப்பாக மாற்றி, சாதாரண ஒலிக் கம்பி வழியாக அதன் கேசட் உள்ளீட்டில் ஒலிக்கச் செய்தாலே போதும். இதுவே மிகக் குறைந்த செலவு. கமடோருக்கு எஸ்டி2ஐஇசி, நெகிழ்வட்டு இயக்கி உள்ள பல கணினிகளுக்கு கோடெக் போன்ற சாதனங்கள் நினைவக அட்டையை அல்லது யுஎஸ்பி சேமிப்பியை வட்டாகக் காட்டுகின்றன. சிபி/எம் கணினியில் சீரியல் இணைப்பு இருந்தால், வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் வகுத்த எக்ஸ்மோடம் என்ற கோப்புப் பரிமாற்ற முறை இன்றும் நம்பகமாக வேலை செய்கிறது.

பயன்படுத்திய பழைய பெட்டிகளை வாங்கலாமா?

சேகரிப்பாளராக இருந்தால் வாங்கலாம். நிரல் எழுதுவதற்காக என்றால் கவனம் தேவை. காந்த வட்டுகள் பல பத்தாண்டுகளைக் கடந்துவிட்டதால் படிக்க முடியாமல் போயிருக்கலாம். நகல் எடுக்க முடியாதபடி பாதுகாக்கப்பட்ட வட்டுகளும், டாங்கிள் என்ற பாதுகாப்புச் சாதனத்தைச் செருகினால் மட்டுமே ஓடும் கம்பைலர்களும் இருந்தன. டாங்கிள் இல்லாத பெட்டி வெறும் அட்டைதான். வட்டு ஓடுகிறது என்பதற்கு விற்பவரிடம் படமோ காணொளியோ கேளுங்கள். கையேடு முழுமையாக இருக்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம், ஏனெனில் அந்தக் கம்பைலர்களில் திரையில் தோன்றும் உதவிப் பக்கங்கள் அரிது, பிழை எண்ணின் பொருளையே கையேட்டில்தான் தேட வேண்டியிருக்கும்.

நிறுவனமே மறைந்துவிட்டது. நகலை எடுத்துப் பயன்படுத்துவது சட்டப்படி சரியா?

விற்பனை நின்றுவிட்டது என்பதாலோ நிறுவனம் மூடப்பட்டது என்பதாலோ பதிப்புரிமை முடிந்துவிடாது. அது வேறொருவருக்குக் கைமாறியிருக்கலாம். உரிமையாளரே வெளிப்படையாக அனுமதித்தவற்றைத் தேர்ந்தெடுப்பதே நேர்மையான வழி, அப்படிப்பட்டவையே போதுமான அளவு உள்ளன: பிடிஎஸ் சி, ஹை-டெக் சி, ஃபிக்-ஃபோர்த், ஆக்‌ஷன். சிபி/எம் இயங்குதளத்தின் பகிர்வுக்கு 2001இல் வழங்கப்பட்ட அனுமதி 2022இல் மேலும் தெளிவாக்கப்பட்டது. டர்போ பாஸ்கலில் போர்லண்ட் பின்னாளில் இலவசமாக வழங்கியவை டாஸ் பதிப்புகள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நான் எழுதிய நிரலை மற்றவர்களுக்குக் கொடுக்கவோ விற்கவோ ரன்டைம் உரிமம் வேண்டுமா?

உங்கள் நிரலோடு கம்பைலரின் நூலகப் பகுதியும் சேர்ந்தே போகிறது என்பதால் இந்தக் கேள்வி எழுகிறது. அக்காலத்தில் சில நிறுவனங்கள் இதற்குத் தனிக் கட்டணம் கேட்டன. ஆக்‌ஷன் நிரல்கள் கார்ட்ரிட்ஜ் இல்லாத கணினியில் ஓட, தனியாக விற்கப்பட்ட ரன்டைம் வட்டு தேவைப்பட்டது. இன்றைய கிராஸ் கம்பைலர்களின் நூலக உரிமங்கள் பெரும்பாலும் தாராளமானவை. வெளியிடும் முன் உரிமக் கோப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரண்டு கம்பைலர்கள் கையில் இருக்கின்றன. எது மேல் என்று எப்படி ஒப்பிடுவது?

பைட் இதழின் 1981 செப்டம்பர் இதழில் ஜிம் கில்பிரெத் வெளியிட்ட எரட்டோஸ்தனிஸ் சல்லடைச் சோதனை இதற்கு இன்றும் ஏற்றது. பகா எண்களைச் சலித்தெடுக்கும் அந்த நிரல் 8191 பைட் அணி ஒன்றைக் கொண்டு பத்து முறை சுற்றி வரும். விடை 1899 என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் தட்டச்சுப் பிழையா என்று பார்த்துவிட்டு, பிழை இல்லையென்றால் கம்பைலரையே சந்தேகிக்கலாம். நேரத்தோடு மேலும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்: உருவான கோப்பின் அளவு, மூலநிரலில் ஒரு வரியைத் திருத்தி மீண்டும் ஓட்டிப் பார்க்க ஆகும் நேரம். மூன்றில் கடைசியாகச் சொன்னதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஓட்டத்தில் சில நொடிகள் பின்தங்கும் கம்பைலர்கூட, திருத்திப் பார்க்கும் நேரம் குறைவாக இருந்தால், ஒரே மாலையில் பல மடங்கு அதிக முயற்சிகளுக்கு இடம் கொடுக்கும்.